சிங்கப்பூரிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸுக்கு: சாதாரண கோல்ஃப் ஆட்டக்காரருக்கான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலோரத்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் பெயர்பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர்களே தடுமாறியிருக்கிறார்கள். ஆனாலும் அது ஒரு பொதுத்திடல். அங்கே ஆட எந்த மன்றத்திலும் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. யாருடைய சிபாரிசும் தேவையில்லை. 18 குழிகளுடன் பொதுமக்களுக்குத் திறந்திருந்த மரினா பே திடல் 2024இல் மூடப்பட்ட பிறகு, மன்ற உறுப்பியம் இல்லாத நம்மைப் போன்றவர்கள் உள்ளூரில் ஓர் ஆட்ட நேரம் கிடைக்கவே அலைகிறோம். அப்படிப்பட்டவருக்கு அந்தப் புகழ்பெற்ற திடலின் கதவு திறந்தே இருக்கிறது என்பதை முதலில் நம்புவதற்கே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆயினும் அந்தக் கதவு வரை போய்ச் சேரத் தேவையான தாள்களும் தேதிகளும் ஒரே இடத்தில் தமிழில் எழுதப்படாததால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. அடுத்து போகிறவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம். விமானச் சீட்டு வாங்குவதை மட்டும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். மற்றவற்றைக் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் ஹேண்டிகேப்; தகுதிச் சான்றிதழ் போதாது

சிங்கப்பூரில் புதிதாக ஆடத் தொடங்குவோர் கோட்பாட்டுத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுதித் தகுதிச் சான்றிதழ் பெறுகிறார்கள். ஆட்ட விதிகளும் திடல் ஒழுக்கமும் உங்களுக்குத் தெரியும் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. ஓல்டு கோர்ஸில் கேட்கப்படுவது அதுவல்ல, நடப்பில் உள்ள அதிகாரபூர்வ ஹேண்டிகேப், அதாவது உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண்; அது கூடக்கூடத் திறன் குறைவு என்று பொருள். ஆண், பெண் இருபாலருக்கும் அதிகபட்ச வரம்பு 36. உலக ஹேண்டிகேப் முறையில் 54 வரை ஹேண்டிகேப் வைத்திருக்கலாம் என்பதால், "எனக்குத்தான் ஹேண்டிகேப் இருக்கிறதே" என்று 40ஐ வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

உங்களிடம் ஹேண்டிகேப் இல்லையென்றால், சிங்கப்பூர் கோல்ஃப் சங்கம் அங்கீகரித்த ஒரு மன்றம் அல்லது திட்டத்தின் வழியாகப் பதிவுசெய்து, 54 குழிகளுக்கான மதிப்பெண் அட்டைகளைச் சமர்ப்பிக்க வேண்டும். 18 குழி ஆட்டமாகக் கணக்கிட்டால் மூன்று ஆட்டங்கள். ஒன்பது ஒன்பதாகவும் ஆடிச் சேர்க்கலாம். எண் முதன்முதலில் கிடைக்க இதுவே போதும் என்றாலும், தொடர்ந்து அட்டை கொடுத்துவந்தால்தான் அந்த எண் உங்கள் உண்மையான ஆட்டத்தைக் காட்டும்; அண்மைய 20 ஆட்டங்களில் சிறந்த எட்டைக் கொண்டே அது கணக்கிடப்படுகிறது. வார இறுதியில் உள்ளூர்த் திடல்களில் இடம் கிடைக்கும் நிலவரத்தை எண்ணிப் பார்த்து, இந்த ஒரு வேலைக்கே சில மாதங்களை ஒதுக்குங்கள்.

கைப்பேசிச் செயலியில் எண் தெரிகிறது என்று இருந்துவிடாமல், மன்றத்தின் பெயரோடும் தேதியோடும் ஒரு சான்றை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

2. எல்லாத் தாள்களிலும் ஒரே பெயர்

தமிழர்களாகிய நமக்கே உரிய தொல்லை இது. கடவுச்சீட்டில் தந்தை பெயரோடு, நடுவில் சாய்கோடு போட்டு எழுதிய முழுப்பெயர் இருக்கும். ஹேண்டிகேப் அட்டையில் ஒரு முன்னெழுத்தும் பெயரும் மட்டும் இருக்கும். விமானச் சீட்டிலோ சாய்கோடு மறைந்து எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நீளச் சொல்லாக நிற்கும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். பிரிட்டிஷ் விண்ணப்பப் படிவமோ அந்தக் கட்டத்தைக் கேட்காமல் விடாது.

கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே மூலமாக வைத்துக்கொண்டு, ஹேண்டிகேப் பதிவை அதற்கேற்ப மாற்றித் தருமாறு மன்றத்தைக் கேளுங்கள். பின்னால் சொல்லப்போகும் தனியாட்டக்காரர் குலுக்கலில் அடையாள ஆவணத்தையும் ஹேண்டிகேப்பையும் நேரில் காட்ட வேண்டும். அந்த இடத்தில் நின்றுகொண்டு, "இந்தக் கே என்பது என் அப்பாவின் பெயர்" என்று விளக்கிக்கொண்டிருக்க உங்களுக்கும் பொறுமை இருக்காது, பின்னால் நிற்பவருக்கும் இருக்காது.

3. பிரிட்டனுக்குள் நுழைய அனுமதி

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் மலேசியர்களுக்கும் விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் மின்னியல் பயண அனுமதி கட்டாயம். 10 பவுண்டாக இருந்த அதன் கட்டணம் அதே ஆண்டு ஏப்ரலில் 16 பவுண்டாக உயர்ந்தது. மேலும் ஏறியிருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் நாளில் பாருங்கள். பொதுவாக மூன்று வேலை நாள்களுக்குள் முடிவு வந்துவிடும்; இரண்டு ஆண்டுகளுக்கோ கடவுச்சீட்டு காலாவதியாகும் வரையிலோ, எது முந்தியதோ அதுவரை செல்லும். பிரிட்டிஷ் அரசின் அதிகாரபூர்வச் செயலியிலேயே விண்ணப்பியுங்கள். தேடினால் முதலில் கண்ணில் படும் சில தனியார் தளங்கள், அதே வேலைக்குப் பல மடங்கு பணம் பறிக்கின்றன.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், சிங்கப்பூர் நிரந்தரவாசியாகவே இருந்தாலும், வருகையாளர் விசா எடுக்க வேண்டும். ஆறு மாத விசாவுக்கு 2025 ஏப்ரல் நிலவரப்படி 127 பவுண்டு. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். கைரேகையும் புகைப்படமும் கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். வங்கிக் கணக்கறிக்கை, சம்பளச் சீட்டுகள், விடுப்பு வழங்கியதாக முதலாளியின் கடிதம், தங்குமிட முன்பதிவு, சிங்கப்பூருக்குத் திரும்பிவருவீர்கள் என்பதைக் காட்டும் வேலை அனுமதி அட்டை அல்லது மறுநுழைவு அனுமதி ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் நாள்களில் கடவுச்சீட்டு உங்கள் கையில் இல்லாமல் போகக்கூடும் என்பதால், அந்த வாரங்களில் ஜோகூர் பாருவுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ போகும் திட்டம் வேண்டாம். நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதியின் காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. எந்த மாதத்தில் போவது

நம் ஜூன் பள்ளி விடுமுறையில் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆட்டக்காரர் கூட்டமும் அலைமோதும். நவம்பர், டிசம்பர் விடுமுறையில் இடம் எளிதாகக் கிடைக்கும், கட்டணமும் குறைவு. ஆனால் டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை, ஃபேர்வே எனப்படும் வெட்டிய புல்வெளியில் பந்தைச் சிறு பாயின் மீது வைத்துத்தான் அடிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அவ்வளவு தூரம் செலவழித்துப் போய்ப் பாயின் மீது அடிக்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாதவர்கள் ஏப்ரல் பிற்பகுதியையோ செப்டம்பரையோ தேர்ந்தெடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. அன்று அது ஊர்மக்கள் நடைபயிலும் பூங்கா. அக்டோபர் தொடக்கத்தில் டன்ஹில் லிங்க்ஸ் போட்டி நடைபெறும். 2027 ஜூலையில் 155ஆவது ஓப்பன் கோல்ஃப் போட்டி இங்கேதான் நடக்கவிருக்கிறது. அந்தக் கோடையில் தங்குமிட வாடகை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

5. ஆட்ட நேரம் பெறும் வழிகள்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முந்தைய ஆண்டிலேயே முன்பதிவு செய்யும் வழி உண்டு. ஆனால் அந்த இடங்கள் மிகக் குறைவு. திடலை நடத்தும் லிங்க்ஸ் அறக்கட்டளை அங்கீகரித்த நிறுவனங்கள், தங்குமிடத்தோடு சேர்த்து உறுதியான நேரத்தை விற்கின்றன. வசதி உள்ளவருக்கு அது சரியான வழியே. அங்கீகாரம் இல்லாத முகவர்களும் அதே வாக்கைத் தருவார்கள் என்பதுதான் சிக்கல். நான் விசாரித்த ஒரு முகவர் "நேரம் உறுதி" என்று விலை சொன்னார். அதை எழுத்தில் தாருங்கள் என்றதும், குலுக்கலில் என் பெயரைப் போடுவதைத்தான் அப்படிச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். குலுக்கலில் பெயர் கொடுக்க ஒரு காசும் செலவில்லை.

அந்தக் குலுக்கல் நடக்கும் விதம் இது. இரண்டு முதல் நான்கு பேர் வரை ஒரு குழுவாக, ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பிற்பகல் 2 மணிக்குள் இணையம் வழியாகப் பெயர் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை ஆடுவதற்குச் செவ்வாய் பிற்பகல் கடைசி நேரம். கோடையில் பிரிட்டன் நமக்கு ஏழு மணி நேரம் பின்னால் இருப்பதால், அது சிங்கப்பூரில் இரவு 9 மணி. ஒவ்வொருவரின் பெயர், மன்றம், ஹேண்டிகேப் மூன்றையும் நிரப்ப வேண்டும். அன்று மாலையே முடிவு வரும். கிடைத்தால் மட்டுமே பணம். எந்த நேரமானாலும் சரி என்று குறிப்பிடுங்கள். காலை எட்டு மணிக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வாய்ப்பு சுருங்கும்.

தனியாகப் போகிறவர் குழுக் குலுக்கலில் சேர முடியாது. அவருக்கென்று 2024 முதல் தனியாட்டக்காரர் குலுக்கல் இருக்கிறது. ஆட விரும்பும் நாளுக்கு முந்தைய நாள், காலை 9 மணி முதல் மாலை 5 மணிக்குள் முதல் குழி அருகே உள்ள ஓல்டு பெவிலியனுக்கோ லிங்க்ஸ் கிளப்ஹவுஸுக்கோ நேரில் சென்று பதிவுசெய்ய வேண்டும். மாலையில் குலுக்கி, இரண்டு அல்லது மூன்று பேர் உள்ள குழுக்களில் மீதமிருக்கும் இடங்களில் சேர்ப்பார்கள். முடிவு கைப்பேசிக்கு வருவதால் சிங்கப்பூர் எண்ணின் ரோமிங்கை நிறுத்திவிடாதீர்கள். விடிய விடிய வரிசையில் நிற்க வேண்டும் என்று முன்பு போய்வந்த அண்ணன்மார் இன்னமும் சொல்வார்கள். அந்தப் பழக்கம் போய்விட்டது. நண்பர்களோடு போனவர்களும், குழுக் குலுக்கலில் பெயர் வராதபோது, பிரிந்து தனித்தனியாக இதில் முயலலாம். எனக்குக் கடைசியில் இடம் கொடுத்தது இந்த வழிதான்.

எந்தக் குலுக்கலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்பதால், ஞாயிறு நீங்கலாக நான்கைந்து நாளாவது அந்த ஊரில் இருக்கும்படி திட்டமிடுங்கள். ஒரே ஒரு நாளை ஒதுக்கிவிட்டு, எடின்பரோ சுற்றுலாவுக்கு நடுவே ஆடிவிடலாம் என்று கணக்குப் போடுவது வீண். காத்திருக்கும் நாள்களுக்கு அதே அறக்கட்டளையின் நியூ, ஜூபிலி, காசில் திடல்களில் ஒன்றை முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். கடற்காற்றும் இறுகிய தரையும் அங்கும் உண்டு; ஓல்டு கோர்ஸுக்கு முன் ஒரு நல்ல பழக்கமாகவும் இருக்கும்.

6. செலவு

2025 உயர்பருவத்தில் ஓல்டு கோர்ஸின் ஆட்டக் கட்டணம் 340 பவுண்டு. ஒரு பவுண்டு ஏறத்தாழ 1.7 வெள்ளி என்று வைத்தால் 600 வெள்ளியை நெருங்குகிறது. ஆண்டுதோறும் கட்டணம் ஏறுகிறது. பையைச் சுமந்து வழிகாட்டும் கேடியின் கட்டணமும் அன்பளிப்பும் தனி. அவற்றை ரொக்கமாகக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கேடி வேண்டாம் என்று மிச்சம் பிடிக்க நினைப்பது புரிகிறது. ஆனால் பாதிக் குழிகளில் எங்கே அடிக்க வேண்டும் என்பதே கண்ணுக்குத் தெரியாத திடலில், என் கருத்தில் அது தவறான சிக்கனம். அந்த மிச்சத்தை விமானச் சீட்டிலோ தங்குமிடத்திலோ பிடியுங்கள். கோடையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் மாணவர் விடுதி அறைகளை வாடகைக்கு விடுகிறது. அரை மணிப் பேருந்துத் தொலைவில் உள்ள டண்டியில் தங்கினாலும் செலவு குறையும்.

7. போய்ச் சேர்வது

சிங்கப்பூரிலிருந்து எடின்பரோவுக்கு நேரடி விமானம் இல்லை. லண்டன், துபாய், தோஹா போன்ற ஏதாவதோர் ஊரில் மாற வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையமும் இல்லை. எடின்பரோவிலிருந்து லூகர்ஸ் நிலையத்துக்குச் சீட்டு வாங்குங்கள், ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கே இறங்கி 99ஆம் எண் பேருந்தில் ஏறினால் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். மட்டைப் பையை நீங்களேதான் தூக்க வேண்டும். விமான மாற்றத்தில் பை வராமல் போகும் அபாயமும் இருப்பதால், காலணி, கையுறை, மழைச்சட்டை மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மட்டைகளை அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

8. கிளம்புமுன் இங்கே செய்ய வேண்டிய பயிற்சி

நாம் பக்கி என்னும் சிறுவண்டியில் ஏறி ஆடிப் பழகியவர்கள். ஓல்டு கோர்ஸில் நடைதான். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில், காற்று கிளம்பும் மாலை வேளையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்து கிலோமீட்டர் நடந்து பாருங்கள். வழியில் யாராவது வேடிக்கை பார்த்தால் பார்க்கட்டும்.

ஆட்டத்திலும் ஒன்றை மாற்றியாக வேண்டும். இங்கே மழையில் ஊறிய புல்லில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். ஆகவே உயரத் தூக்கி அடித்துக் கொடிக்கருகே இறக்கக் கற்றிருக்கிறோம். அங்கே தரை இறுகிக் கிடக்கும். உயரப் போன பந்தைக் காற்று தன் விருப்பத்துக்குக் கொண்டுபோகும், தப்பி இறங்கினாலும் துள்ளி ஓடிவிடும். முக்கால் வீச்சில் தாழ்வாக அடித்து உருளவிடுவதையும், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு வெளியே இருபது முப்பது அடி தள்ளியிருந்து, பந்தை உருட்டும் மட்டையான பட்டரால் தள்ளுவதையும் பழகுங்கள்.

9. திடலில்

முதல் குழியின் ஃபேர்வேயும் 18ஆம் குழியின் ஃபேர்வேயும் ஒரே பரந்த வெளி. வலப்பக்கம் எல்லைக்கோடு, ஆகவே இடப்பக்கம் அடியுங்கள். அந்த ஒரு சொல்லை 18 குழிகளுக்கும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். திடல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வருவதால், போகும்போது முட்புதர்களும், திரும்பும்போது எல்லைக்கோடும் பெரும்பாலும் வலப்பக்கமே வரும். பந்தை வலப்பக்கம் வளைத்து அடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். முதல் கிரீனை ஒட்டி முன்னால் ஸ்வில்கன் ஓடை ஓடுகிறது. எந்த அயர்ன் மட்டை போதும் என்று தோன்றுகிறதோ, அதைவிட ஓர் எண் நீளமானதை எடுங்கள். 1, 18ஆம் ஃபேர்வேக்களைக் குறுக்கே கடந்து ஒரு பொதுப்பாதை செல்கிறது. நாயோடும் தள்ளுவண்டியோடும் மக்கள் நடப்பார்கள். அவர்கள் கடக்கும்வரை காத்திருங்கள்.

ஏழு கிரீன்கள் இரட்டைக் கிரீன்கள். போகும் குழியும் வரும் குழியும் அவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே கிரீனைப் பகிரும் இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் 18 வரும். அவற்றில் போகும் குழிக்கு வெள்ளைக் கொடி, வரும் குழிக்குச் சிவப்புக் கொடி. பந்து மறுகொடியின் பக்கம் போய் நின்றாலும் அது அதே கிரீன்தான் என்பதால், நாற்பது கெஜத்துக்குப் பட்டரால் அடிக்க நேரலாம்.

பங்கர்கள் எனப்படும் நூற்றுக்கும் மேற்பட்ட மணற்பள்ளங்களில் பெரும்பாலானவை அடிக்கும் இடத்திலிருந்து தெரிவதில்லை. உள்ளே விழுந்தால், எதிரே தலைக்கு மேல் அடுக்கிய புல்கட்டிச் சுவரைப் பார்த்துவிட்டுக் கொடியை மறந்துவிடுங்கள். பக்கவாட்டிலோ, வந்த திசையிலோ அடித்து வெளியேறுங்கள். அதுவும் முடியாவிட்டால், ஆட முடியாத பந்து என்று அறிவித்து, இரண்டு தண்டனை அடிகளை ஏற்றுக்கொண்டு பங்கருக்கு வெளியே, குழியையும் பந்து கிடந்த இடத்தையும் இணைக்கும் நேர்க்கோட்டில் பின்னால் பந்தை இடலாம்; 2019 முதல் விதி இதை அனுமதிக்கிறது. 14ஆம் குழியின் ஹெல் பங்கரில் இந்த விதி தெரிந்திருப்பது உதவும்.

17ஆம் குழியில் முதல் அடியை ஓட்டல் கட்டடத்தின் மூலைக்கு மேலாக அடிக்க வேண்டியிருக்கும். கேடி காட்டும் இடத்தை நம்பி அடியுங்கள். கிரீனின் முன்னால் ரோட் பங்கர், பின்னால் சாலையும் கற்சுவரும். சாலை திடலின் பகுதியே. தண்டனையின்றிப் பந்தை நகர்த்த முடியாது. என் பந்து தார்ப்பரப்பில் போய் நின்றபோது பந்தைத் தூக்கி அடிக்கும் வெட்ஜ் மட்டையை உருவினேன். கேடி ஒன்றும் பேசாமல் அதை வாங்கிப் பையில் செருகிவிட்டுப் பட்டரை நீட்டினார். சாலையில் உருண்ட பந்து மேட்டில் முட்டி ஏறி, கிரீனில் பத்தடி தொலைவில் நின்றது. 18இல் கிரீனுக்கு முன்னால் உள்ள பள்ளத்துக்கும் இதுவே மருந்து.

ஆட்டம் நான்கு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒரு குழியில் கணக்கு மீறிவிட்டால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நடப்பது மரியாதை.

10. ஆடாதவர் உடன் வந்தால்

திடலுக்கு அருகிலேயே ஹிமாலயாஸ் என்னும் மேடுபள்ளமான பட்டிங் புல்வெளி, சிறு கட்டணத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பொழுது போகும். ஞாயிறன்று ஓல்டு கோர்ஸிலேயே நடந்து, மறுநாள் ஆடப்போகும் குழிகளின் பங்கர்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று நீங்களும் பார்த்துவைத்துக்கொள்ளலாம்.

11. ஊர் திரும்பிய பின்

மதிப்பெண் அட்டையில் உடன் ஆடியவரின் கையொப்பம் வாங்கிக்கொண்டு, எந்த நிற டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து ஆடினீர்கள் என்பதையும், அந்த டீயிலிருந்து திடல் எவ்வளவு கடினம் என்று காட்டும் கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் எண்களையும் குறித்துவையுங்கள். உலக ஹேண்டிகேப் முறையில் வெளிநாட்டு ஆட்டங்களும் கணக்கில் சேரும் என்பதால், அந்த அட்டையைச் சிங்கப்பூரில் உங்கள் மன்றத்திடம் தாமதமின்றிச் சமர்ப்பியுங்கள். விமானத்திலோ கப்பலிலோ திரும்புவோர் சிங்கப்பூர் வருகை அட்டையை, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.